பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கார்டு

கணக்குப் படிப்பிக்கிற எனக்கே என் புருசன் கணக்குக் காட்ட வந்தார். முதல் கோபம் அங்கேதான் தொடங்கியது.

"வருசத்துக்குப் பன்னிரண்டாயிரம் கட்டினாலும் எங்களுக்கு லாபம்தான் கஜி. ஒருக்கால் பொறுமையாக் கேளும்," என்றார் சஜீவன்.

சாப்பாட்டு மேசையில் கார்டுக்கான சலுகைப் புத்தகம் விரிந்து கிடந்தது. வங்கிக்காரர் அந்தக் கார்டை முதல் வருடம் சும்மா கொடுத்தார்கள். இனி வருடக் கட்டணம். வேண்டாம் என்றால் மாதம் முடியுமுன் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்லி இரண்டு கிழமை ஆகிறது. அவர் வங்கிக்குச் சொன்னபாடில்லை.

அந்தப் புத்தகத்தை நானும் முழுதாக வாசித்துத்தான் இருந்தேன். கொழும்பில் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முப்பது வீதக் கழிவு. கொழும்பில் பல்லை வெள்ளையாக்க இருபத்தைந்து வீதக் கழிவு. விமான நிலையத்தில் சொகுசு அறை இலவசம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாஸ்போட் கிடையாது. கடைசிப் பக்கத்தில் இலங்கைப் படம் ஒன்று. சலுகை உள்ள இடமெல்லாம் சிவப்புப் பொட்டு. அனுராதபுரத்துக்கு மேலே யாழ்ப்பாணத்தில் மட்டும் இரண்டு பொட்டு. நடுவே நாங்கள் இருக்கிற கிளிநொச்சிப் பகுதி வெறும் பச்சையாகக் கிடந்தது, அங்கே மனிதரே இல்லாதது மாதிரி.

"பரந்தனில பெற்றோல் அடிச்சுப்போட்டுக் கார்டை நீட்டினால் மூண்டு வீதம் கூடக் கேக்கினம். கடையில நீட்டினால் 'மிசின் வேலை செய்யேல்லை அண்ணை' எண்டினம். ஒரு வருசம் ஓடி ஓடிப் புள்ளி சேர்த்து என்ன வந்தது? ஆறு கண்ணாடிக் கோப்பை. அதிலயும் ஒண்டு உடைஞ்சு வந்தது. இதுக்குப் பன்னிரண்டாயிரமோ?" என்றேன்.

"அதுக்குத்தான் இதைப் பாரும்," என்று அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். "இது ஒண்டே காணும். கட்டின காசு மூண்டு மடங்காத் திரும்பி வந்திடும்."

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களாவை ஹோட்டலாக்கி இருக்கிறார்கள். ஓர் இரவுக்கு அறுபதாயிரம். எங்கள் கார்டு இருந்தால் அரைவிலை, நாலு பேருக்கு இராச்சாப்பாடு இலவசம். கீழே பெயர் போட்டிருந்தது: ஹெதர்டேல் பங்களா.

"மாமியின்ர பிறப்புப் பத்திரத்தில இருக்கிற தோட்டம் இதெல்லோ?" என்றார் சஜீவன், ஏதோ எனக்குப் பரிசு கொண்டுவந்தவர் மாதிரி.

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

என் அம்மா அமராவதி அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடொன்றில், பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் வீடு வாசல் எரிய ஓடி வந்து, வவுனியாவில் இறங்கி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய ஆட்களில் அம்மாவின் குடும்பமும் ஒன்று. சஜீவனின் ஆட்கள் கண்டாவளையில் பரம்பரையாக வயல் வைத்திருப்பவர்கள். எங்கள் கலியாணப் பேச்சிலேயே அவருடைய தமக்கை பத்மாசனி "தோட்டக்காட்டுப் பெட்டையோ?" என்று மூக்கைச் சுளித்தவர். சஜீவன் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு இருக்கிற ஒரே வியாதி கழிவு. கழிவு என்று எழுதியிருந்தால் பாம்பையும் வாங்கிக்கொண்டு வருவார்.

"அடிச்சுக் கலைச்ச இடத்துக்கு அரைவிலையில கூட்டிக்கொண்டு போகப் போறியளோ?" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "முப்பதாயிரம் மிச்சம் எண்டுறியளே, போகாமல் இருந்தால் அறுபதாயிரமும் மிச்சமெல்லோ? வாங்கத் தேவையில்லாத சாமானில என்னப்பா லாபம்?"

அவர் வாயைத் திறக்குமுன் குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"போவோம்," என்றார்.

"அம்மா, உங்களுக்கு என்ன விசரே?"

"போவோம் புள்ள. நான் அந்தப் பங்களாவுக்குள்ள முன்வாசலால போகணும். அந்த மேசையில ஒக்காந்து சாப்பிடணும்."

அம்மாவுக்கு மனது கொதிக்கும்போதுதான் தோட்டத்துப் பேச்சு திரும்பி வரும். மற்ற நேரங்களில் எங்களைப் போலத்தான் கதைப்பார். அன்றைக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். ஆட்கள் பொல்லுகளோடு வந்தபோது லயத்தில் இருந்த எல்லோரும் மேலே பங்களாவுக்குத்தான் ஓடினார்களாம். உள்ளே விளக்கு எரிந்ததாம். சன்னல் சீலையை ஒருவர் விலக்கிப் பார்த்ததை அம்மா கண்டாராம். எவ்வளவு தட்டியும் முன்கதவு திறக்கவில்லை. குளிருக்குள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தார்கள். அம்மாவின் கைக்குழந்தைத் தம்பி வவுனியா வந்து சேர்ந்த கிழமையே சளி முற்றிச் செத்துப்போனான்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றார் அம்மா. "கதவத் தெறந்து 'வாங்க' ன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

போவது என்று முடிவானது. ஆனால் கோபம் இறங்கவில்லை. பத்மாசனி மச்சாள் கேள்விப்பட்டு, "ஓ, உங்கட ஊருக்கெல்லோ போறியள்?" என்று கேட்டபோது, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓம் மச்சாள், கொழுந்து கொண்டு வந்து தாறன், தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ," என்றேன்.

கண்டி பஸ்ஸில் ஏறி மாத்தளையில் இறங்கி, ஓட்டோ பிடித்து மலை ஏறினோம். வாசலில் காவல்காரர் ஓட்டோவை மறித்தார். சாமான் கொண்டுவருகிற ஓட்டோ பின்பக்கத்தால் போக வேண்டும் என்றார். சஜீவன் இறங்கிக் கார்டைக் காட்டினார். தேர்முட்டியில் திருவிழா உபயகாரர் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கேற் திறந்தது.

அம்மா தன்னுடைய ஒரே பட்டுச் சேலையில் இருந்தார். முன்வாசலில் ஏழு படி. கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மனேஜர் கும்பிட்டு, நல்ல தமிழில், "வாங்க மேடம்," என்றார். அம்மா செருப்போடு படியேறினார். வாசற்படியைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்று, கதவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நேரே போய்க் கூடத்தில் இருந்த பெரிய கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் என் வாயால் சஜீவனிடம், "சரி, உங்கட கார்டு நல்ல கார்டு," என்று சொல்லியிருப்பேன்.

பின்னேரம் சஜீவனுக்கு அரிக்கத் தொடங்கியது. "சாப்பாடு நாலு பேருக்கு. நாங்கள் மூண்டு பேர். ஒரு சாப்பாடு வீணாப் போகுது," என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பார்சல் கட்டித் தருவினமோ?"

"வெக்கம் கெட்ட மனுசன்," என்றேன்.

அம்மா சொன்னார்: "இலட்சுமியக் கூப்பிடுவோம் தம்பி. கீழ லயத்துலதான் இருக்கா."

இலட்சுமி சின்னம்மா அம்மாவின் சித்தி மகள். அன்றைக்கு வவுனியாவுக்கு ஓடாமல் லயத்துக்கே திரும்பியவர்களின் பிள்ளை. அம்மாவைவிட ஆறேழு வயது இளமை. இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இருவரும் ஃபோனில் கதைப்பார்கள். நேரில் கண்டது இரண்டு சாவீட்டில் மட்டும். ஒரு சாப்பாடு வீணாகாது என்ற சந்தோசத்தில் சஜீவன் தானே இறங்கிப் போனார்.

பொழுது சாய்கிற நேரம் சின்னம்மா வந்தார். தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, காதில் தோடு போட்டு வந்தார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். படிக்குக் கிட்ட வந்ததும் அவர் செருப்பைக் கழற்றினார். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சஜீவன் முன்படியில் கால் வைக்க, தான் மட்டும் சுவரோரமாகத் திரும்பிப் பின்பக்கம் நடந்தார். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது.

"இலட்சுமி!" என்று அம்மா கூப்பிட்டார். "எங்க போற? இப்படி வா!"

சின்னம்மா நின்று திரும்பிச் சிரித்தார். அதற்குள் மனேஜர் வந்துவிட்டார். குரல் இன்னும் தேனாகத்தான் இருந்தது.

"மன்னிக்கணும் மேடம். தோட்டத்துத் தொழிலாளர் டைனிங் றூமுக்குள்ள வர ஏலாது. மற்ற விருந்தாளிகளும் இருக்கிறாங்க. அவங்களோட சாப்பாட்ட நல்லா பார்சல் பண்ணிப் பின்பக்கம் குடுக்கச் சொல்றன்."

நான் மனேஜருக்கு முன்னால் போய் நின்றேன். "ஏன் ஏலாது? அவா எங்கட சொந்தக்காரி. என்ர அம்மாவும் இந்த லயத்தில பிறந்தவாதான். அவாவையும் பின்னால அனுப்பப் போறீரோ? எங்களுக்கு இந்தப் பக்கம் 'வாங்க மேடம்', அவாவுக்கு மட்டும் பார்சலோ? கார்டைக் கண்டுதானே நீர் கும்பிட்டது? மனுசரைக் கண்டில்லையே!"

சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மனேஜர் கையைப் பிசைந்தார். சின்னம்மா ஓடிவந்து கீழே நின்றபடியே என் கையை எட்டிப் பிடித்தார்.

"சத்தம் போடாத கண்ணு. நீங்க நாளைக்குப் போயிருவீங்க. நான் நாளைக்கும் இங்கதான் பேருக்குப் போகணும். இவங்க பெரியதொரைகிட்ட ஒரு வார்த்த சொன்னா எம் பேரு போயிரும்."

பெரியதொரை தோட்டத்தை நடத்துகிறவர். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. பேர் போடவில்லை என்றால் அன்றைய உழைப்பு இல்லை. என் கோபம் அந்தப் பெண்ணின் சோற்றில் மண்ணைப் போடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடினேன். மூடினதால் இன்னும் எரிந்தது.

அம்மா வராந்தா விளிம்புக்கு வந்தார். தான் ஆசைப்பட்ட கதவு அவருக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.

அப்போது சஜீவன் தொண்டையைச் செருமினார். ஃபோனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"மனேஜர், ஒரு நிமிசம். உங்கட சலுகையில நாலு பேர் எண்டு போட்டிருக்கு. ஆர் ஆர் எண்டு போடேல்லை."

"சேர், டைனிங் றூம் எங்கட றூல்..."

"விளங்குது, விளங்குது. டைனிங் றூமை விடுங்கோ. அதுக்குக் கீழ ஒண்டு கிடக்கு." அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "'விருந்தினர் விரும்பினால், தோட்ட எல்லைக்குள் அவர்கள் தெரிவுசெய்யும் எந்த இடத்திலும் மேசை அமைத்து இராச்சாப்பாடு பரிமாறப்படும்.' இது நீங்கள் போட்டதுதானே?"

"அது... தேயிலைக்குள்ள, அருவிக்குப் பக்கத்தில, ஹனிமூனுக்கு வாற ஆக்களுக்கு..."

"எந்த இடத்திலும் எண்டுதானே கிடக்கு. ஹனிமூன் எண்டு கிடக்கேல்லையே."

நான் என் புருசனை வாயைப் பிளந்து பார்த்தேன். கலியாணம் கட்டி ஒன்பது வருடத்தில் அந்த மனுசன் நிபந்தனைகளை வரி விடாமல் வாசித்ததற்காக நான் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

அம்மா ஒரு படி இறங்கினார். "லயத்துல போடச் சொல்லுங்க தம்பி," என்றார். "இலட்சுமி வாசல்ல."

மனேஜர் யாருக்கோ ஃபோன் எடுத்தார். இரண்டு தரம் எடுத்தார். சஜீவன் வங்கியின் இலக்கத்தை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் மனேஜர் கையை உதறி, உள்ளே பார்த்து ஏதோ சொன்னார்.

மேசை இறங்கியது. நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையால் இறங்கினார்கள். பின்னால் கதிரை, வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி, வெள்ளி மூடி போட்ட தட்டுகள். சின்னம்மாவின் காம்பரா வீட்டு வாசலில், பீலிக் குழாய்த் தண்ணீர் ஓடுகிற வடிகானுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டார்கள். லயம் முழுக்க வெளியே வந்து நின்றது. ஒரு வரிசையில் பன்னிரண்டு வீடு, ஒரு வீட்டுக்கு ஓர் அறை. கூரைத் தகரம் பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். எரித்தபிறகு திரும்பக் கட்டினது அப்படியே நிற்கிறது என்றார் அம்மா.

பரிமாற வந்த பெடியன் ஒருவன் சின்னம்மாவிடம் குனிந்து, "சூப் வைக்கவா மேடம்?" என்று கேட்டான். அவன் மூன்றாம் வீட்டுப் பெடியன். சுற்றி நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. சின்னம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, காலில் செருப்போடு நிமிர்ந்து இருந்து, "வைங்க தம்பி," என்றார்.

நாலு பேருக்கான சாப்பாடு அந்தச் சனத்துக்கு ஒரு மூலைக்கும் காணாது. மீன் துண்டுகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். பக்கத்து வீடுகளில் இருந்து ரொட்டியும் கட்டைச்சம்பலும் மேசைக்கு வந்தன. அம்மா ரொட்டியைத்தான் சாப்பிட்டார். மேலே பங்களா வராந்தாவில் இருந்து சில பேர் எங்களை ஃபோனில் படம் எடுத்தார்கள். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அந்த ஒற்றை அறைகளைப் பார்த்துக்கொண்டு, இந்த ஒரு சாப்பாட்டைக்கூட ஒரு வங்கிக் கார்டைக் காட்டித்தானே வாங்க வேண்டியிருந்தது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

காலையில் பில் வந்தது. மேசை இறக்கிய கூலி, ஆள் கூலி, விரிப்பு கழுவுகிற கூலி என்று ஏற்றி, அரைவிலையை முழுவிலைக்கு மேலே கொண்டுபோயிருந்தார்கள். சஜீவன் கார்டை நீட்டினார். பஸ்ஸில் தம்புள்ளை தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தார்.

"கஜி, நீர் சொன்னது சரி. எப்பிடிப் பார்த்தாலும் நட்டம். கார்டை நிப்பாட்டுவம்."

நான் வென்றுவிட்டேன். ஆனால் அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் ஃபோனுக்கு மூன்றாம் வீட்டுப் பெடியன் எடுத்தான். சின்னம்மா பிந்தி வந்தார் என்று சொல்லி அந்தக் கிழமை முழுக்கப் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் பிந்தவில்லையாம். சொல்ல வேண்டாம் என்று சின்னம்மா சத்தியம் வாங்கினவராம், அவனுக்குத்தான் மனது கேட்கவில்லையாம்.

அம்மா கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இரவும் சாப்பிடவில்லை. "என் ஆசையால அவ சோறு போச்சு," என்று ஒரே சொல்லைத்தான் சொன்னார். எனக்கு யாரைப் போட்டு அடிப்பது என்று தெரியவில்லை. மனேஜரையா, பெரியதுரையையா, படம் எடுத்தவர்களையா, அந்தப் பங்களாவைச் சலுகை என்று புத்தகத்தில் போட்ட வங்கிக்காரரையா? ஒருவரும் கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லை. குசினிக்குள் போய்ப் பானையை நிலத்தில் போட்டு அடித்தேன்.

அடுத்த நாள் காலை சஜீவன் கார்டை நிறுத்த வங்கிக்கு ஃபோன் எடுக்கப் போனார். "பொறுங்கோ," என்றேன். "கார்டை நிப்பாட்டினால் அந்தப் பன்னிரண்டாயிரம் மிச்சமெல்லோ? அதைச் சின்னம்மாவுக்கு அனுப்புவம். போன கூலிக்கு மேலயே வரும்."

அவர் உடனே தலையாட்டினார். நான் சின்னம்மாவுக்கு எடுத்தேன். அம்மாவும் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தார். ஃபோனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, காசு அனுப்பப் போகிறோம், எப்படி அனுப்புவது என்று கேட்டேன்.



"அந்தப் பய சொல்லிட்டானா?" என்றார் சின்னம்மா. பிறகு, "ஏது காசு?" என்று கேட்டார்.

கார்டுக் கதையைச் சொன்னேன். வருடத்துக்கு இவ்வளவு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சலுகை இல்லை, அதனால் நிறுத்தி அந்தக் காசைத் தருகிறோம் என்றேன்.

"கட்டுனா அடுத்த வருசமும் மேச வருமா?"

நான் சஜீவனைப் பார்த்தேன். அவர் ஃபோனில் நிபந்தனைகளைத் தேடிப் பார்த்து, வரும் என்று தலையாட்டினார்.

"வரும் சின்னம்மா. ஆனா உங்களுக்கு அவங்கள் திரும்பவும்..."

"எம் பேர அவங்க எத்தன நாளைக்குப் புடிப்பாங்க? கொழுந்து முத்துனா நாலாம் நாளு அவங்களே கூப்புடுவாங்க." சின்னம்மாவின் குரல் ஏறியது. பங்களா வாசலில் என் கையைப் பிடித்து அடக்கின குரல் இல்லை அது. "அம்பது வருசமா அந்தப் பங்களாவுல இருந்து நம்ம வாசலுக்கு ஒரு கரண்டி எறங்கி வந்ததில்ல. எனக்கு உங்க காசு வேணாம் கண்ணு. அதக் கொண்டுபோய் அந்தக் கார்டுக்கே கட்டு. கட்டிட்டு அடுத்த வருசமும் வாங்க. மேசையத் தூக்கிக்கிட்டு அவங்க எறங்கணும். நான் பாக்கணும்."

அம்மா என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

"வாறோம் இலட்சுமி," என்றார்.

நான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், வங்கியில் வரிசையில் நின்று, பன்னிரண்டாயிரத்தையும் என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.